துரைக்கு ஒரு நகல்

ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் பிடித்து எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன்! முதியோர் கல்வி வகுப்பு டீச்சர், “ஐயா, பேனா ஓடிப்போயிடாது, கொஞ்சம் மெதுவாப் பிடிங்க” என்கிறார். கடிவாளம் பிடித்த கை, எப்படி விடும்? இந்தப் பக்கத்துக்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது.

எத்தனையோ வருடம் கழித்து உன் கடிதம். நானே படித்தேன். நம் குதிரை துரையின் காதில் நகக்கண் அளவு தோல் எடுத்தால், உன் கம்பெனியில் அச்சு அசலாக இன்னொரு துரையை உண்டாக்கிவிடலாம் என்கிறாய். அவன் என் பேரில் இருப்பதால் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும் என்கிறாய். போட்டால் போச்சு. ஒரே ஒரு சந்தேகம். கோப்பை கோப்பையாக ஜெயித்தவனை, “காயடிச்ச குதிரை, இனி எதுக்கும் ஆகாது, நீயே ஓட்டிட்டுப் போ” என்று முதலாளி என் தலையில் கட்டினாரே. இப்போது ஏன் தேடுகிறார்கள்?

ஆசையுடன்,
அப்பா

ஜனவரி 22

அன்புள்ள அப்பா,

காயடித்ததால்தான் தேடுகிறார்கள். துரைக்கு வாரிசு இல்லை. நகலுக்குக் காயடிக்க மாட்டோம், அதன் மூலம் குட்டிகள் கிடைக்கும். இது கைகூடினால் இங்கே எனக்கு நல்ல பெயர். படிவத்தை உடனே அனுப்புங்கள். துரைக்கு வயதாகிறது.

உங்கள் மகன்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிலைத் துரைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாலை ஆட்டினான். ஈ உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு சந்தேகம். அந்தக் குட்டியை யார் வயிற்றில் சுமப்பது?

ஆசையுடன்,
அப்பா

பிப்ரவரி 25

அன்புள்ள அப்பா,

வேறு பெட்டைக் குதிரைகள் சுமக்கும். பல தங்காது. பிறந்தும் சில பிழைக்காது. ஒன்று தேறினால் போதும். சந்தேகங்களை எல்லாம் ஒரே தடவையில் கேளுங்கள், அல்லது போன் செய்யுங்கள். எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உங்கள் மகன்

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தால் “அப்புறம் பேசறேன்பா” என்பாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிட்டால், உன் பதிலும் ஒன்றுதானே வரும்?

சரி, கடைசிக் கேள்வி. புதுத் துரை ஓடுவானா?

ஆசையுடன்,
அப்பா

மார்ச் 29

அன்புள்ள அப்பா,

ஓடாது. பந்தயத்தில் நகல்களைச் சேர்ப்பதில்லை. அடிபட்டால் நஷ்டம் என்பதால் வெளியிலும் விட மாட்டார்கள். தனி அறை, கேமரா, காவல் எல்லாம் உண்டு. ராஜ வாழ்க்கை. படிவம்?

உங்கள் மகன்

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

துரை கோப்பைக்காக ஓடியவன் இல்லை. வாசலைத் திறந்தால் போதும், ஓடுவான். இப்போதும் காலை இழுத்துக்கொண்டு வேலிவரை ஓடிவிட்டுத்தான் தண்ணீருக்கு வருகிறான். அவனைப் போல ஒருவனை உண்டாக்கி ஓட விடாமல் நிறுத்திவைக்கவும், அதற்காக எத்தனையோ பெட்டைகள் செத்த குட்டியைப் பெறவும் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. நான்கு சுவருக்குள் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி.

உனக்கு வரவேண்டிய நல்ல பெயர் என்னால் போகிறது. உனக்குக் கோபம் வரும். கோபமாகவாவது எழுது.

ஆசையுடன்,
அப்பா

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

திட்டியாவது எழுதுவாய் என்று பார்த்தேன். தபால்காரர் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே, “இன்னிக்கும் இல்ல பெரியவரே” என்று சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல மனிதர்.

வகுப்பில் நேற்று பரீட்சை. வீட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றை எல்லோரும் படிக்க வேண்டும் என்றார் டீச்சர். நான் உன்னுடையதை எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி விஷயம் ஊராருக்கு எதற்கு என்று, குதிரை வருகிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டுப் படித்தேன். “அன்புள்ள அப்பா” என்று ஆரம்பித்தேன். அடுத்து “உங்கள் மகன்” வந்துவிட்டது.

எங்கும் திக்காமல் படித்ததாகச் சொல்லி எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆசையுடன்,
அப்பா