மேல்வரிசையும் மாஸ்க் சோதனையும்

7, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். மணலிப் பக்கக் காற்று, அழுகின முட்டை வாசனை.

இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன். நேற்றுப் பூசையில் அல்லேலூயா பாடும்போது என் வாயிலிருந்து விசில் வந்தது. முன் பெஞ்சுக்காரர் பஸ் கண்டக்டர் யாரோ வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன். பழி வேறு யார் மேலாவது போகட்டும்.

மேல்வரிசைப் பல் எல்லாம் போன மாதம் பிடுங்கியாயிற்று. செட் இன்னும் வரவில்லை. கஞ்சி, ரசம், சுறாப்புட்டு. வீட்டுக்காரர் அந்தோணி எதிரில் உட்கார்ந்து நண்டு உடைக்கிறார். வேண்டுமென்றே.

வேலை: வருடத்துக்கு ஒரு முறை ஆய்வகத்தை மூடிச் சுத்தம் செய்வது ஒருவழியாக முடிந்தது. மருந்துப் புகை போட்டாயிற்று. காற்று மெஷினுக்குப் புது வடிகட்டி. டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கிற அறை. காற்று வெளியிலிருந்து உள்ளே போகலாம், உள்ளேயிருந்து வெளியே வரக்கூடாது. கதவிடுக்கில் டிஷ்யூ காகிதம் பிடித்தேன். உள்பக்கமாகவே ஆடியது. நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை திறப்பு. நோயாளிகளின் சளிப் பாட்டில்கள் வரிசையில் நிற்கின்றன. யாருக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேடம் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். மேடம் என்றால் டாக்டர் வசந்தி, ஆய்வகம் முழுவதும் அவர் பொறுப்பு. என் மகள் வயது.

"பிலோமாக்கா, கன்னம் ரெண்டும் உள்ள போயிருக்கே?"

"டயட்டு மேடம்."

"முகம் மாறினா மாஸ்க் சோதனை மறுபடி பண்ணணும். நாளைக்கே பண்ணிடலாம்."

இது எனக்குத் தெரியாதா? உடுப்பு அறையும் குப்பையும், அதை நீராவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவும் என் ராஜ்ஜியம். தாடியோடு வந்த எத்தனை டாக்டர்களை வாசலோடு திருப்பியிருக்கிறேன். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. "வழிச்சிக்கினு வா நைனா, அப்பால உள்ள வுடறேன்." பெரிய படிப்புப் படித்தவர்களும் வழித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

சோப்பு வாங்க வேண்டும். கருவாடு வேண்டாம்.

8, செவ்வாய்

புழுக்கம் அப்படியே.

சோதனை இப்படி: மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் வெள்ளைக் கூடு மாட்டி, அதிலிருக்கும் ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தைப் பீச்சுவார்கள். நாக்கில் கசந்தால் மாஸ்க் ஓரத்தில் எங்கோ இடைவெளி. கசக்காவிட்டால் பாஸ். நடுவில் தலையை ஆட்ட வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். பேசுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் தருவார்கள். நான் ஐந்தாவதோடு நிறுத்தியவள். அதனால் வருடா வருடம் மீன் ஏலம்தான். காசிமேட்டில் பிறந்த வாய்க்கு அது மனப்பாடம்.

இன்றைக்கு ஏலத்துக்கு வந்த சரக்கு ஏழுமலை. உள்ளே போகும்போது எனக்கு ஜோடி அவர்தான். வியாசர்பாடிக்காரர். ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வவ்வாலு, வவ்வாலு! கெய வவ்வாலு! வயிறு பெர்சு, மூளை சின்னது! யார்பா எட்த்துக்கிறீங்கோ?"

"யக்கா, கூட்டுக்குள்ள கீறப்பவே இந்த வாயா?"

"வியாசர்பாடி ஐஸ்ல வச்ச சரக்குபா, நாத்தம் அடிக்காது!"

மேடம் மருந்தைப் பீச்சுவதை விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கன்னத்தோரம் சில்லென்று ஏதோ நுழைந்தது. நாக்கில் வேப்பங்காய்.

என் நாக்கு என் வாய்க்குள். வெளியே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஏலத்தை இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பாஸ்.

"கசக்குது மேடம்."

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. சின்ன அளவு மாஸ்க் போட்டார்கள். கசந்தது. வேறு கம்பெனி மாஸ்க். அதுவும்தான்.

மேடம் கூட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, தனியா யாரையும் உள்ள அனுப்ப முடியாது. ஏழுமலைக்கு ஜோடி வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க பாஸ் ஆகலைன்னா வேற ஆளைப் பழக்கிடுவேன். நீங்க ஸ்டோருக்குப் போயிடணும். அப்புறம் திரும்பி வர்றது கஷ்டம்."

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஸ்டோர்! அட்டைப்பெட்டி, கையுறைக் கட்டு, ஒரு பல்லி. பல்லியைக் கிண்டல் செய்து என்ன சுகம்? திருப்பிப் பேசாது.

வீட்டில் அந்தோணி: "கசக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல? அந்தக் கிருமி எங்கூட வூட்டுக்கு வந்தா ராத்திரி பூரா இரும்பப் போறது யாரு? நீதான்."

அந்தோணி நண்டு உடைப்பதை நிறுத்தினார்.

9, புதன்

வெயில். ஆட்டோக்காரன் திருவொற்றியூர் ரோடெல்லாம் கன்டெய்னர் லாரி என்று சுற்றி அடித்தான். வழியெல்லாம் புலம்பல். நான் புலம்பவில்லை. மனசுக்குள் அரை பயம், முக்கால் தெம்பு. கணக்கு இடிக்கிறது. இடிக்கட்டும்.

பாபு கடை. பல் செட் செய்கிறவர். இதுவரை அவர் வாயில் ஒரே சொல், 'நாளைக்கு'.

"இன்னா பாபு, என் பல்லு எங்க?"

"மெழுகுல கீதுக்கா. நாளைக்கு..."

"எந்த நாளைக்கு?"

"இந்த வாரத்துக்குள்ள ஒரு நாளைக்கு."

"நாளைக்கு மத்தியானம் என் கைக்கு வரலைன்னா உன் கடை வாசல்ல நின்னு போறவன் வர்றவனைப் பாத்தெல்லாம் சிரிப்பேன். பாபு கட்டுன பல்லு இதான்னு ஊரு நினைச்சிக்கட்டும்."

மாதிரிக்கு ஒன்று சிரித்துக் காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து செருப்பைத் தேடினார். பாபு மெழுகைக் கையில் எடுத்தார்.

ஏழுமலை போன் செய்தார். "யக்கா, புது ஆள ஒண்ணு கூட்டியாந்து காட்னாங்கோ. பேசவே மாட்றான். பேஜாரா கீது. நீ வந்துடு." ஏலம் விட்ட வவ்வாலுக்கு இவ்வளவு பாசம். கிண்டல் செய்யத் தோன்றியது, செய்யவில்லை.

10, வியாழன்

மேகமூட்டம். செட் வந்தது!!

கொஞ்சம் லூஸ். "ரெண்டு நாள்ல ஈறு புடிச்சிக்கும்க்கா" என்றார் பாபு. இருக்கிறதா இல்லையா என்றே ஈறுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் சினிமா வில்லி. கன்னம் மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதுதான் வேண்டும்.

மாலையில் சோதனை. பழைய மாஸ்க், அதே கூடு. தலை ஆட்டினேன், குனிந்தேன்.

"இன்னிக்கி மேடத்த ஏலம் வுடுக்கா," என்றார் ஏழுமலை.

"வஞ்சிரம், வஞ்சிரம்! முள்ளு ஜாஸ்தி, ருசி ஜாஸ்தி! கேக்குற வெலைக்குக் குடுக்க மாட்டேன், போய்க்கினே இரு!"

மேடம் பீச்சினார். பீச்சிக்கொண்டே இருந்தார். ஒன்றும் இல்லை. எனக்கே சந்தேகம்.

"மேடம், பாட்டில்ல மருந்து கீதா, வெறுந்தண்ணியா?"

கூட்டுக்குள்ளேயே மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒருமுறை பீச்சச் சொன்னேன். வேப்பங்காய்! இவ்வளவு சந்தோஷமாக யாரும் கசப்பைச் சப்புக்கொட்டியிருக்க மாட்டார்கள்.

பாஸ். மேடம் கையெழுத்துப் போடும்போது மூக்கை உறிஞ்சினார்.

"சளியா மேடம்? பாட்டில் தரட்டுமா?"

"போங்கக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இந்தப் பல்லோடதான் பாஸ். பல்லு இல்லாம உள்ள கால் வைக்கக் கூடாது."

அந்தோணி இரவு நண்டு வாங்கி வந்திருந்தார். எனக்கும் சேர்த்து.

11, வெள்ளி

தூறல். திறப்பு.

காற்றழுத்த மீட்டர் முள் சரி. ஏழுமலை உடுப்பை நான் பார்த்தேன், என் உடுப்பை அவர் பார்த்தார். உள்ளே போனோம். பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள். மெதுவாக, மூடி திறந்து, மூடி போட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை. மாஸ்க் ஓரத்தில் காற்று இல்லை. என் இடம், என் வேலை. ஸ்டோர்ப் பல்லி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முடித்து வெளி அறைக்கு வந்து கழற்றினோம். மேல் கையுறை, அப்புறம் கவுன். கடைசியில்தான் மாஸ்க். கண்ணை மூடி, முன்னால் குனிந்து, பின்பட்டையை இழுத்து, முன்பக்கம் தொடாமல் நேராகப் பைக்குள் விட வேண்டும்.

குனிந்திருக்கும்போது ஏழுமலை கேட்டார். "இன்னாக்கா, எப்டி கீது?"

"ராணி மாரி கீதுபா!" என்று வாய் நிறையச் சொன்னேன். மாஸ்க் பைக்குள் விழுந்தது. பையை இறுக்கிக் கட்டினேன். ஆட்டோகிளேவில் வைத்தேன். கதவைத் திருகினேன். பட்டனையும் நானே அழுத்தினேன்.

கண்ணாடிக்கு வெளியே மேடம் கட்டைவிரலை உயர்த்தினார். நான் சிரித்தேன். கட்டைவிரல் மெல்ல இறங்கியது. நாக்கால் மேலே தடவினேன், வெறும் ஈறு.

கட்டிய பையைப் பிரிக்கக் கூடாது. ஓடுகிற ஆட்டோகிளேவைத் திறக்கக் கூடாது. மூவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீராவி, 121 டிகிரி. மேல்வரிசையில் இப்போது எந்தக் கிருமியும் இல்லை. செட் வெந்து வளைந்து, முன்பற்கள் எண்ணூரைப் பார்க்கின்றன, கடைவாய் ராயபுரத்தைப் பார்க்கிறது. பாபு கடை எட்டு மணி வரைதான்.