மேலே மட்டும் வெந்த கட்டி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் கையில் அழுகிய முட்டை நாற்றம் போகவில்லை. அம்மா வைத்த மீன்குழம்பைத் தொடவே பிடிக்கவில்லை.

உப்பளத்து ஜிப்சத்தைக் கரியோடு சேர்த்து எரித்ததில் எங்கள் கம்பெனிச் சூளையில் கால்சியம் சல்ஃபைடு கட்டி கட்டியாகத் தங்கிவிட்டது. ஈரம் பட்டால் நாறும். அதனால் காற்றை ஊதி மறுபடி பழுக்கச் சுட்டு, நாறாத சல்ஃபேட்டாக மாற்றித்தான் வெளியே கொட்ட வேண்டும்.

இன்று அப்படி மறுபடி சுட்டு வந்த கட்டிகள் பார்க்க வெள்ளையாக இருந்தன. மேனேஜர் ஒன்றை மோந்து பார்த்தார். “வாசமே இல்லம்மா. உங்க தெருப் பள்ளத்துக்குத்தான் போடச் சொல்லிருக்கேன்.”

நான் ஒன்றைச் சுத்தியலால் உடைத்துத் தண்ணீர் தெளித்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெளியே சல்ஃபேட் ஓடு இறுகி, காற்றை உள்ளே விடவில்லை. உள்ளே எல்லாம் பழைய சல்ஃபைடுதான்.

“பொடிச்சு மறுபடி சுடணும் சார்.”

“நீங்க எதுக்கும்மா உடைச்சீங்க? இங்கன யாரும் உடைச்சுப் பாக்கிறதில்லையே.”

நான் லேபுக்குள் போன நேரத்தில் அவர் கட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் எங்கள் தெரு வெள்ளை வெளேரென்று கிடந்தது. பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா, “உங்க கம்பெனிக்காரவுக நல்ல மனசுக்காரவுகதான்,” என்றாள். நான் மறுபடி கை கழுவப் போனேன்.

தூறல் விழுகிறது. மறுபடி அதே முட்டை நாற்றம். ஜன்னலை மூடிவிட்டுக் கையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் இருக்கிறது.