அன்று வந்தது சாமி இல்லை

வட்டகொடை
12.05.2024

தனுஷிகா அப்பாவுக்கு,

பிரேமினி எழுதுவது. அத்தை, தனுஷிகா, நான் மூவரும் சுகம். நீங்கள் மருந்தைத் தவறாமல் குடித்து, கொஞ்சமாவது தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். முதல் ஆறு வாரம் சிகிச்சை நிலையத்தில் தொலைபேசி தரமாட்டார்கள் என்பதால் கடிதம். தந்திருந்தாலும் இதை எழுதத்தான் செய்திருப்பேன். பேசினால் பாதியில் உடைந்துவிடுவேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. நீங்கள் ஓட்டிய தேயிலைக் கொழுந்து லொறியை இப்போது தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பையன் ஒருவன் ஓட்டுகிறான். கோயில் வளைவில் அது திரும்பும் சத்தம் கேட்டால் தனுஷிகா இன்னமும் புத்தகத்தை மூடிவிட்டு வாசலைப் பார்க்கிறாள்.

நேற்று நான் அங்கே குடும்பத்தார் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் அத்தையிடம் சொன்னதை, திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவர் சொன்னார். "சாமி எம்மேல வந்து எல்லாத்தையும் எடுத்துருச்சும்மா. இனி எனக்கு ஒண்ணுமில்ல. வர்ற சனிக்கிழம வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அந்தக் காப்பையும் கொண்டாரச் சொல்லுங்க" என்றீர்களாம். சொல்லும்போது அத்தையின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகமே இல்லை என்று டாக்டர் சொன்னார். நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சொன்னதைத்தான் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களைக் காப்புக் கட்ட வைத்தவள் நான். "காவடி எடுக்கிறேன்னு காப்புக் கட்டுங்க, இல்லாட்டி மகளக் கூட்டிக்கிட்டுப் பொகவந்தலாவைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று நின்றேன். காப்புக் கட்டியவன் குடிக்க மாட்டான், மூன்று நாள் நிறுத்தினால் பிறகு அப்படியே விட்டுவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசாரி கட்டினார். காலையில் எழுந்ததும் குடிக்காமல் பல் துலக்க முடியாத மனிதர், ஒரே நாளில் நிறுத்தினீர்கள். சனிக்கிழமை உங்கள் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டினீர்கள். நான் அதை விரதம் என்று எண்ணி மகிழ்ந்தேன். உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

ஞாயிறு காலை, காவடி கடைவீதிக்கு வந்தபோது விழுந்தீர்கள். கண் மேலே செருகிவிட்டது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை, நுரையில் இரத்தம். கோயில் தலைவர் சிவசாமி, "ஆத்தா வந்துட்டா, அடிங்கடா" என்று கத்தினார். தப்பு மேளத்தை இன்னும் வேகமாக அடித்தார்கள். அத்தை உங்கள் முகத்தில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் காலடியில் விழுந்து வாக்குக் கேட்டேன். "ஆத்தா, எம் புருஷன் இனிக் குடிப்பாரா, சொல்லு" என்று கேட்டேன். உங்கள் தலை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. மாட்டார் என்று ஆத்தா சொல்லிவிட்டதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவள் நான். அந்தக் கும்பிட்ட கை இன்னமும் என் கண்முன் நிற்கிறது. சோறு பிசையும்போதுகூட.

கடை வாசலில் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்த நஸார் நானாதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டீச்சர், இது சாமியில்ல, வலிப்பு. குளிச மருந்து எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டின நேரம் எங்கட தம்பி ரிஃகானுக்கும் இப்புடித்தான் வந்த" என்றார். சிவசாமி, "நானா, சாமி காரியத்துல கை வைக்காதீங்க" என்று மறித்தார். "சாமி எங்கயும் போகாது தலைவர், மனுசன் போயிருவான்" என்று சொல்லிவிட்டு உங்களைப் புரட்டி ஒருக்களித்தார். அவருடைய வேனில்தான் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இவர் குடிப்பவரா என்பது. நான் இல்லை என்றேன். பதினோரு வருடமாகக் காய்ச்சல், வயிற்றோட்டம், இடுப்பு வலி என்று உங்களுக்காக எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வாய். அரை மணி நேரத்தில் உங்களுக்கு இரண்டாவது வலிப்பு வந்தது. அப்போதுதான், "தினமும் குடிப்பார், வெள்ளிக்கிழமையிலிருந்து இல்லை" என்றேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. இப்படித் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். உங்களைச் சாகக் கொடுக்க இருந்தது குடி மட்டுமல்ல. நானும்தான்.

லயத்தில் இன்னும் யாரும் நம்பவில்லை. முந்தாநாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்து, "சாமி எப்ப வீட்டுக்கு வர்றாரு டீச்சர்? மகளுக்கு வரன் எப்ப அமையும்னு வாக்குக் கேக்கணும்" என்றார். தனுஷிகா பட்டென்று, "சாமிக்கு லீவு, டாக்டர் குடுத்திருக்காரு" என்றாள். அக்கா போன பிறகு சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த பிள்ளை அழுதுவிட்டாள்.

தோட்டத்தில் வேலை கொடுக்கும் பெரிய கண்டாக்கையாவிடம் நானே போய், குடிநோய்க்கு வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர், "சொகமாகி வரட்டும்" என்றார். லொறி திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. இனி உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

காப்பு பற்றிக் கேட்டீர்கள். திருவிழா முடியுமுன் காப்பை அறுத்தது நர்ஸ் என்று அத்தை இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் இல்லை. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் உங்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கயிறு தடுத்தது. யாரும் அதைத் தொடத் துணியவில்லை. கத்தரிக்கோலை வாங்கி நான்தான் வெட்டினேன். கட்ட வைத்ததும் நான், அறுத்ததும் நான். அந்தக் கயிறு என் கைப்பையில் இருக்கிறது. நீங்கள் நல்லபடியாக வந்த பிறகு இருவருமாகக் கோயிலில் வைப்போம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருவேன். பச்சைச் சுவெட்டர், தனுஷிகா எழுதிய கடிதம், அத்தை வறுத்த மாசிச் சம்பல் எல்லாம் கொண்டுவருவேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.

உங்களுக்கு என்மேல் கோபம் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பேசாமலே இருங்கள், பரவாயில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். அங்கேயே இருந்து கோபப்படுங்கள்.

உங்கள் மூச்சுக்காகத் தினமும் விளக்கேற்றும்,
பிரேமினி