மூன்று விரல் தடம்

மறையூர், 9.1.1974
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மூக்கம்மாளைக் கூட்டி வந்துவிட்டேன். என் பெண்டாட்டிக்கு இடது மார்பு இல்லை. அதிலிருந்த புற்றும் இல்லை என்கிறார் டாக்டர். எட்டாவது படித்தவன் நான், எட்டு தடவை திருப்பிக் கேட்டேன். "அஞ்சு வருசம் தாண்டட்டும். கையை மட்டும் முடங்க விடாதீங்க."

2.2.1974
எங்கள் கரும்பாலையில் பாகு இறக்கினோம். மூக்கம்மாள் தானாக வந்து தொட்டியோரம் உட்கார்ந்து வெல்லம் உருட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பத்து உருண்டை. ஒவ்வொன்றிலும் அவளுடைய மூன்று விரல் தடம். என் கண்ணில் புகை. புகைதான்.

5.2.1974
உடுமலை வியாபாரி பெரியமுத்து வந்தார். தடத்தைப் பார்த்தே உருட்டிய ஆளைச் சொல்வார். இத்தனை வருஷம் மூன்று விரலைத் தேடி எடுத்தவர், இன்று அதையே தேடி ஒதுக்கினார்.
"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒட்டிக்கும்னு சனம் பேசுது."
திரும்பினால் மூக்கம்மாள் நிற்கிறாள். வீட்டுக்குள் போய்விட்டாள். பெரியமுத்துவை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசுற வாய் எனக்கு!

6.2.1974
அவள் ஆலைக்கு வரவில்லை. கையைச் சேலைக்குள் மடக்கி வைத்திருக்கிறாள். என்னையே கேட்கிறேன்: ஏலே சோலை, நீ ஆம்பளையா, அடுப்புக்கட்டையா?

8.2.1974
நானும் மகள் பூமாரியும் மூன்று விரல் தடம் பழகினோம். அவளுக்கு உடனே வந்தது. என்னுடையதைப் பார்த்து, "யப்பா, யானை மிதிச்ச மாதிரில்ல இருக்கு" என்றாள்.
வாசலிலிருந்து குரல்: "கட்டை விரல மடக்கச் சொல்லுடி உங்கப்பன!"
சொல்லிவிட்டு அங்கேயே நிற்க முடியுமா அவளால்? வந்து உட்கார்ந்தாள்.

15.2.1974
பெரியமுத்து சாக்கைக் கொட்டினார். எல்லாம் மூன்று விரல்.
"இதுல அவங்க உருட்டுனது எதுண்ணே?"
"எல்லாம் அவ கைதான்யா. எடுத்தா அம்புட்டையும் எடு. இல்லேன்னா வண்டியத் திருப்பு."
திருப்பிவிட்டார்! நான் இதை எதிர்பார்க்கவில்லை.
"கிறுக்கு மனுசா, இனி யாருட்ட விக்கப் போறீக?" என்றாள் மூக்கம்மாள். ஆபரேசனுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

3.3.1974
பெரியமுத்து வந்தார். "மூணு விரல் வெல்லம் எங்கன்னு வாங்குற சனமே கேக்குதுண்ணே." மூக்கம்மாள் வெல்லக்காப்பி போட்டுக் கொடுத்து எதிரிலேயே நின்றாள். கடைசி மடக்கு வரை குடித்த பிறகுதான் சாக்கைத் தொடவிட்டாள்.

12.1.1979
நேற்று மதுரை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். காதைத் தாண்டித் தூக்கினாள். இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமாம்.
இன்று ஆலையில் என் உருண்டை நான்கைத் தொட்டியில் திருப்பிப் போட்டாள். ஐந்து வருஷமாகியும் கட்டை விரல் மடங்கவில்லையாம்.