உடன்படிக்கைப் புன்னையின் அடியைத் தோண்டும் நாய்க்குட்டி குறித்து

மழைமேகம் வந்து இளைப்பாறும் வெண்குன்ற நாட்டின் வேந்தர், ஏழு கணவாய்களையும் உடையவர், கூத்தவேள் பெருமகனாரின் ஆணைகளை எழுதிச் செலுத்தும் முதன்மந்திரி ஆதன்குமரன் ஆகிய யான், உப்பும் முத்தும் குறையாத அலைவாய் நாட்டின் பேரமைச்சர் நெய்தலஞ்சேந்தனார் அவர்களுக்கு வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் வேந்தர் நீடு வாழ்க. தங்கள் படகுகள் போன வழியே பத்திரமாகத் திரும்புக. தங்கள் உப்பளங்களில் வேளைகெட்ட மழை பெய்யாதிருக்க. எம் நாட்டில் யாவரும் நலம். நலம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேன்; அது எவ்வளவு மெய் என்பதைத் தாங்களே கீழே கண்டுகொள்க.

சென்ற தை மாதத்தில் நம் இரு நாடுகளும் காரித்துறைப் போரை நிறுத்தி உடன்படிக்கை செய்துகொண்டது தாங்கள் அறிந்ததே. அதன்படி தங்கள் கடற்கரைப் புன்னை ஒன்றின் கன்று எம் அரண்மனைத் தோட்டத்திலும், எம் மலை வேங்கை ஒன்றின் கன்று தங்கள் அரண்மனைத் தோட்டத்திலும் நடப்பட்டன. ஆவணி முழுமதியன்று இரு வேந்தரும் இரு கன்றுகளையும் பார்வையிடுவர். இலையோடு நின்றால் சமாதானம், பட்டுப்போனால் மறுநாளே படை நகரும். அன்பின் அடையாளமாகத் தாங்கள் எங்களுக்கு ஒரு நாய்க்குட்டியையும், நாங்கள் தங்களுக்கு ஓர் ஆட்டுக்குட்டியையும் அளித்தோம். எழுதும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

அந்த நாய்க்குட்டிதான், ஐயா, புன்னையைத் தோண்டுகிறது.

ஒரு நாள் இரண்டு நாள் அன்று. வந்த நாள் முதல் தோண்டுகிறது. பக்கத்தில் மல்லிகைப் பாத்தி இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. செவ்வந்தி இருக்கிறது, முகர்ந்தும் பார்ப்பதில்லை. நேராகப் புன்னையடிக்கு வருகிறது, முன்னங்கால் இரண்டாலும் மண்ணை வாரி இறைக்கிறது, வேர் வெளியே தெரிந்ததும் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு வாலை ஆட்டுகிறது. எதற்கு இந்த மகிழ்ச்சி என்று எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

கட்டிப்போடலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எங்கள் படைத்தலைவரும் அதையே கேட்டார். ஆனால் குட்டியின் கழுத்தில் தாங்கள் கட்டி அனுப்பிய செப்புத்தகடு அதற்கு ‘துறைக்காவலன்’ என்று பட்டம் அளிக்கிறது. பட்டமுள்ள தூதனைக் கட்டினால் சிறைபிடித்ததாகும், சிறைபிடித்தால் போர் என்று நீதிபதி சட்டச்சுவடியைத் தூக்கிக் காட்டினார். அப்படியானால் கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாமா என்றால், நட்ட இடத்தை மாற்றுவது வாக்கு மாறுவதாகும், அதுவும் போராம். ஒரு பக்கம் போனாலும் போர், மறுபக்கம் போனாலும் போர். நாற்பது ஆண்டு மந்திரி வேலை பார்த்த எனக்குத் தலை கால் புரியவில்லை.

செய்யாத உபாயம் இல்லை. முள்வேலி கட்டினோம், அடியில் பள்ளம் பறித்து நுழைந்தது. கூழாங்கல் பரப்பினோம், ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோய் எம் வேந்தரின் பாதக்குறட்டில் போட்டது. மிளகாய் கரைத்துத் தெளித்தோம். குட்டி அசையவில்லை, உலாவ வந்த வேந்தர்தாம் நெடுநேரம் தும்மினார். அதன் ஆசை தீரத் தோண்டட்டும் என்று தனியே மணல்மேடு அமைத்துக் கொடுத்தோம். அதில் ஏறிச் சுகமாகப் படுத்து உறங்கியது, எழுந்ததும் புன்னைக்குத்தான் போனது. நான்கு வீரரைக் காவல் நிறுத்தினோம். துறைக்காவலன் பட்டம் அவர்களுக்கு மேற்பட்டதாதலால் குட்டி வரும்போதெல்லாம் வேல் தாழ்த்தித் தலைகுனிய வேண்டியது முறை. அவர்கள் குனிந்து நிமிர்வதற்குள் குழி முழங்கால் ஆழம் ஆகிவிடுகிறது.

குழி விழும்போதெல்லாம் தங்கள் தூதுவர் விட்டுச்சென்ற விதிப்படியே நடந்தோம் என்பதையும் தெரிவிக்கிறேன். கன்று சற்றே சோர்ந்தாலும், தங்களிடமிருந்து வந்த கூடைகளிலுள்ள கருவாட்டுத்தூளை வேரடியில் புதைக்குமாறு அவர் சொல்லியிருந்தார். நாங்கள் தவறவில்லை. ஒரு பிடி சொன்னால் இரண்டு பிடி புதைத்தோம். அடுத்த முறை நான்கு பிடி. அதிகம் தோண்டப்பட்டால் அதிகம் புதைக்குமாறு யானே என் கைப்பட ஆணை எழுதினேன். அப்படியும் ஆடி பிறந்தபோது கன்றில் இரண்டே இலைதான் மிஞ்சியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்; அரச ஓலையில் இடம்பெறத் தகாததாயின் பொறுத்தருள்க. என் தம்பி நன்னன் காரித்துறையில் மாண்டவன். அவனுக்கு மூத்தவன் யான். அவன் பிணத்துக்கு யான் கொள்ளி வைத்தேன். அந்த இரண்டு இலையையும் நாள்தோறும் போய் எண்ணினேன். ஒரு நாய்க்குட்டியால் இன்னொரு வீட்டில் இழவு விழப்போகிறதே என்று சோறு இறங்கவில்லை.

நேற்று முன்தினம் காலை அவையில் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டம் பேணும் மருதி என்பவள் வாயிலில் வந்து நின்றாள். கன்று பட்டால் முதலில் நாடு கடத்தப்படுபவள் அவளே. ஆதலால் பேச அனுமதித்தோம். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

“ஐயா, நாமதானே தினமும் கருவாட்டப் பொதச்சு வைக்கிறோம். அதுக்கு அது பொறந்த வீட்டு வாசனைங்க.”

படைத்தலைவர் மோட்டுவளையைப் பார்த்தார். யான் எழுதிய ஆணை ஓலை என் மடியிலேயே இருந்தது. அதை மெல்ல உடைக்குள் செருகிக்கொண்டேன்.

மருதி மேலும் கூறியதாவது: குட்டி வந்தபோது ஒரு கிழிந்த மீன்வலையில் சுருட்டப்பட்டு வந்தது, அது தாயோடு படுத்த வலையாக இருக்கும், அதைக் கொடுத்தால் அடங்கும் என்பதாம். அந்த வலை எங்கே என்று தேடினால், அது தங்கள் நாட்டுப் பரிசுகளுள் ஒன்றாகக் கருதப்பட்டுப் பட்டில் பொதியப்பெற்று, முத்துமாலைக்கும் தந்தப் பேழைக்கும் நடுவே கருவூலத்தில் இருக்கிறது. இந்த மரியாதையைச் செய்தவனும் யானே. அந்த அறைக்கு இரு நாட்டு முத்திரையும் இடப்பட்டுள்ளது. தங்கள் ஒப்புதலின்றித் திறத்தல் ஆகாது. ஓலை போய் மறுமொழி வருவதற்குள் கன்றின் கதை முடிந்துவிடும்.

ஆகவே யான் தங்கள் முத்திரையை உடைத்தேன். வேந்தரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் குழம்பியிருப்பார். வலையை எடுத்து மணல்மேட்டில் விரித்தோம். மீன்நாற்றமுள்ள மண் முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்தி, மக்கிய இலையும் செம்மண்ணும் இட்டோம். குட்டி வந்தது. வீரர் நால்வரும் குனிந்தனர். அது புன்னையைத் தாண்டிப் போய், வலையை மூன்று முறை சுற்றி, அதன்மேல் தலை சாய்த்துப் படுத்தது. இரண்டு நாளாகக் குழி இல்லை. இன்று காலை கன்றின் நுனியில் நகக்கண் அளவுக்குத் தளிர் ஒன்று தெரிகிறது என்று மருதி சொன்னாள். யானும் போய்க் குனிந்து பார்த்தேன். தெரிகிறது.

இப்போது என் ஐயம் இது. கன்று நிற்கிறது, ஆதலால் உடன்படிக்கை நிற்கிறது. முத்திரை உடைந்தது, ஆதலால் உடன்படிக்கை உடைந்தது. இவற்றுள் எது மெய்? நீதிபதி காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறார். குற்றமாயின் குற்றம் என்னுடையது மட்டுமே; வேந்தருடையதும் அன்று, மருதியுடையதும் அன்று, துறைக்காவலனுடையதும் அன்று.

இவ்வளவும் எழுதி ஓலையைக் கட்ட எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வேங்கைக் கன்று நலம் என்று தங்களிடமிருந்து ஆறு மாதமாக ஒரு வரியும் வரவில்லை. தங்கள் தோட்டத்தில் எங்கள் ஆட்டுக்குட்டி இருக்கிறது. அது எங்கள் மலையில் வேங்கைத் தளிர் தின்றே வளர்ந்த குட்டி. அதைக் கொடுக்கும்போது எங்களுக்கு இது தோன்றவே இல்லை. ஐயா, வேங்கையில் எத்தனை இலை மிஞ்சியிருக்கிறது? மறைக்க வேண்டா. யான் மறைக்கவில்லை. இவ்வோலை கொண்டுவரும் வீரனின் பின்னே வரும் கூடையில் ஈரத்துணி சுற்றிய மூன்று வேங்கைக் கன்றுகள் உள்ளன. எது பழையது எது புதியது என்று எங்கள் வேந்தர் கேட்கமாட்டார். அவருக்கு மரம் தெரியாது.

இந்த ஓலை கண்டவுடன் தங்கள் மறுமொழியை இதே வீரனிடம் அளிக்குமாறு வேண்டுகிறேன். மறுமொழியின்றித் திரும்பக் கூடாதென்பது அவனுக்கு இடப்பட்ட ஆணை. மலை நிலைக்கும் மட்டும், கடல் வற்றா மட்டும், காரித்துறையில் துணி துவைக்கும் ஓசை மட்டுமே கேட்பதாகுக.

இது முதன்மந்திரி ஆதன்குமரன் எழுத்து. கீழே காண்பது என் முத்திரை. அதன் அருகே ஓலை விளிம்பில் உள்ள நான்கு பல்தடங்கள், மை உலர வைத்திருந்த வேளையில் துறைக்காவலன் இட்டவை. வேறு ஓலையில் எழுதித் தருவதாக எழுத்தர் சொன்னார், வேண்டாமென்று விட்டேன். தங்கள் நாட்டின் தரப்பில் துறைக்காவலனாரும் ஒப்பமிட்டதாகக் கொள்க.