விதைநெல் பானைக்குள் கிளிகள்

பாகூர்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

காரைக்காலில் இருக்கும் அம்மாவின் பாதங்களுக்கு சுலோசனா வணங்கி எழுதுவது. புயல் போய்விட்டது, நான் சுகமாக இருக்கிறேன். இந்த ஈரத்தில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பள்ளிப் பரிசோதகருக்குக் காட்டும் மேசைவிரிப்பைப் பொறுத்துத்தான் என் தையல் ஆசிரியை வேலை நிலைக்கும் என்று எழுதியிருந்தேனே. ஊரே கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்க, நான் வெளிச்சம் போவதற்குள் அதில் கடைசிக் கிளியின் வாலை முடிக்கச் சிலுவைத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி கலியம்மாள், "மானம் கறுத்துக்கினு வருது, இன்னாம்மா கிளி? போய் தண்ணி மொண்டு வையி!" என்று அதட்டினார். குடத்தோடு திரும்பினால் விரிப்பைக் காணோம். அவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் பக்கத்து ஓட்டு வீட்டில் ஒதுங்கினேன்.

எங்கள் கூரையில் ஒரு மூலைதான் பறந்தது, பயப்படாதீர்கள். என் பெட்டி மட்டும் நனைந்தது. விடிந்ததும் வந்த கலியம்மாளிடம் அழுதேவிட்டேன். அவர் சிரித்தார்.

"வூட்டுல எது நனைஞ்சாலும் வெதநெல்லு நனையாது. அதான் உன் கிளித்துணிய அந்தப் பானைக்குள்ள வெச்சி, வாயைச் சாணி போட்டு மெழுகிட்டேன்."

திறக்கச் சொன்னேன்.

"வெதைக்கிற நாளுக்கு முன்னாடி தொறப்பாங்களா? நல்லா கேட்ட போ!"

சாலையெல்லாம் மரம் விழுந்து கிடப்பதால், நல்லவேளை, பரிசோதகரும் தை பிறந்துதான் வருகிறாராம். மார்கழியிலேயே விதைப்பு. இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஊசியும் கிளியோடு பானைக்குள் போய்விட்டது. நல்லதாக ஒன்று அனுப்புங்கள். என் புடவைகள் காயும் வரை கட்ட உங்கள் பழைய நூல்புடவை ஒன்றும் வேண்டும். தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

புடவையைத் துவைக்க வேண்டாம் அம்மா, கட்டி அவிழ்த்ததையே அனுப்புங்கள்.

சுலோசனா