இல்லாத இலையின் வாசனை

ஒரிசாபா
9 ஜூன் 1996

அன்புள்ள அம்பாரோவுக்கு,

நான் தட்டில் துப்பவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் நியெவெஸ் இங்கே என் நாத்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னாளாம்: "லெயோகாதியா அத்தை சந்தையில அத்தனை வெள்ளைக்காரங்க முன்னாலயும் வாயில இருந்ததைத் தட்டுலயே துப்பிட்டாங்க. எனக்கு மானமே போச்சு." அவள் காரை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் எடுத்து, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்தேன். கன்னிமாடத்துப் பள்ளியில் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், பள்ளியிலும் சந்தையிலும். அவளைத் திருத்த உனக்கு ஒரு நிமிஷம் போதும். ஏன் திருத்தவில்லை?

நான் நலம். முழங்கால் பேருந்தில் கொஞ்சம் மரத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் கொய்யா இலைக் கஷாயம் வைத்துக் குடித்தேன், அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அது தேவைப்பட்டது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வஹாக்காவில் பிறந்து வளர்ந்த நீ, என் விடுமுறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது சுற்றுலாக்காரர்கள் போகும் சாப்பாட்டுச் சந்தைக்கு! நான் விதவையான நாளிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் உன் வீட்டுக்கு வருகிறேன். ஒருநாளாவது வெளியே சாப்பிட்டிருக்கிறோமா? நான் வாசலில் பெட்டியை வைக்கும்போதே கறுப்பு மோலே குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்கு வரும். இந்த முறை கடையில் வாங்கிய ரொட்டி, நியெவெஸ் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த சூப், கடைசியில் அந்தச் சந்தை.

கடைக்காரி கூவினது இன்னும் காதில் இருக்கிறது. "வாங்க தங்கம், வாங்க ராணி! நெழலா இருக்கு, உக்காருங்க! பாட்டி சமையல், பாட்டி சமையல்!" பாட்டி எங்கே என்று கேட்டேன். "பாட்டி இன்னிக்கு லீவு" என்றாள். அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

மோலே என்று வைத்தது சர்க்கரைப் பாகு. கடையில் விற்கும் விழுதை வெந்நீரில் கரைத்து மேலே கொஞ்சம் எள்ளைத் தூவியிருந்தாள். வான்கோழி என்றாள், அது வான்கோழியைப் பார்த்த கோழிகூட இல்லை. சோள அடை ஓரத்தில் விறைத்திருந்தது. கறுப்பு அவரை வெறும் தண்ணீரில் வெந்தது. நீயோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டு, "ஆகா, அவகாடோ இலை வாசனையைப் பாரு லியோ! அந்தக் காலத்து வாசனைடி!" என்றாய்.

அம்பாரோ, அந்த அவரையில் அவகாடோ இலையே இல்லை. வறுத்த இலை விழுந்திருந்தால் சோம்பு வாசனை பாத்திரம் திறக்கும்போதே வரும் என்பது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ கடைக்காரியைப் பார்த்துத் தலையாட்டினாய்.

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடைக்கும் உனக்கும் என்ன? எத்தனை கடை காலியாக இருந்தது, நேரே அங்கே போய் உட்கார்ந்தாயே. உன் சமையலறையையும் என்னிடமிருந்து ஒளித்தாய். கடைசி நாள் காலையில் நான் உள்ளே நுழைந்தது வேவு பார்க்க அல்ல. எரிவாயு வாடை கூடம் வரைக்கும் வந்தது. அடுப்பின் குமிழ் திறந்திருந்தது, நான்தான் மூடினேன். நீ கையில் தீப்பெட்டியோடு வந்து, "உள்ள என்னடி வேலை உனக்கு?" என்று சிடுசிடுத்தாய். வாடை என்றேன். "பக்கத்து வீட்டுல இருந்து வரும்" என்றாய்.

என்னை உன் மேஜையில் உட்காரவைக்க உனக்கு இனி மனமில்லை என்றால் அதை நேராகச் சொல். சந்தைக்குக் கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டாம்.

உன் பள்ளித் தோழி,
லெயோகாதியா

---

வஹாக்கா
18 ஜூன் 1996

என் லியோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன், பிறகு காபி போட்டுக் குடித்தேன். உன்னை உட்காரவைக்க மனமில்லாத மேஜையை விறகுக்குப் பிளந்துவிடுவேன். அப்படியெல்லாம் எழுதாதே.

நியெவெஸிடம் சொல்லிவிட்டேன். "துப்பலடி, மடிச்சு வச்சாங்க" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே அத்தை" என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களிடம் என்ன பேசுவது?

நீ கண்டுபிடித்துவிட்டாய், இனி மறைத்து என்ன பயன்? அந்தக் கடைக்காரி என் ஞானமகள். ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது நான்தான் அவளைக் கையில் பிடித்திருந்தேன். புதிதாகக் கடை போட்டிருக்கிறாள், ஆள் கூட்டிவரச் சொன்னாள். ஞானத்தாய் முடியாது என்று சொல்ல முடியுமா? அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு அவரையில் இலை இல்லை என்று சொல்லத்தான் முடியுமா? அதனால் புகழ்ந்தேன். உன்னைத் தூண்டிலில் புழுவாக மாட்டியதற்கு மன்னித்துவிடு.

அடுப்பு விஷயத்தை விடு. உன் மூக்குக்குப் பிசாசு வாடைகூடத் தெரியும் என்று பள்ளியில் மதர் விசித்தாசியோன் சொல்வார்களே.

வெயில் அதிகம். செவ்வரளி பூத்திருக்கிறது. கஷாயத்தை நிறுத்தாதே.

உன்
அம்பாரோ

---

ஒரிசாபா
26 ஜூன் 1996

அன்புள்ள அம்பாரோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞானமகளுக்காகச் செய்தாய் என்றால் நான் பேச ஒன்றுமில்லை. அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். எள்ளை வறுக்காமல் தூவக்கூடாது என்பதையும் சொல்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் நாத்தனார் ஜன்னலை மூடுவதில்லை, மூடினால் மூச்சு முட்டுகிறதாம். மெத்தை நனைந்தால் முட்டாது போலிருக்கிறது.

நம் மனஸ்தாபம் தீர்ந்ததற்கு அடையாளமாக ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். இலையைக் காயவைத்து நானே பொடித்தேன். கறுப்பு அவரை வைக்கும்போது போட்டுப் பார். எப்படி இருந்தது என்று எழுது.

லெயோகாதியா

---

வஹாக்கா
6 ஜூலை 1996

என் தங்க லியோவுக்கு,

உனக்கு என் மேல் கோபம் தீர்ந்ததே, மரியன்னைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்!

உன் பொட்டலத்தைப் பற்றி என்ன எழுத? உறையைப் பிரித்தேன், வீடு முழுக்க அவகாடோ இலை வாசனை. நியெவெஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன அத்தை, இவ்வளவு நாள் கழிச்சு அவரை வைக்கிறீங்களா?" என்று ஓடிவந்தாள். அன்றே வைத்தேன். உன் வீட்டு மரத்து இலைக்கு இருக்கிற மணம் இங்கே சந்தையில் எவளிடமும் கிடைக்காது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் நம் பங்குக் கோவில் திருவிழா. பாதிரியார் வந்துவிட்டுப் போனார். "மோலேக்கு மிளகாய் வறுக்கிறது நீங்கதான், வேற பேச்சே கிடையாது" என்றார். முழங்கை வலிக்கிறது, இந்த வருஷம் வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நியெவெஸ் குறுக்கே புகுந்து, "அத்தை 'போதும்'னு சொல்லாம ஒரு மிளகாயும் சட்டியைவிட்டு இறங்காது சாமி!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஆகட்டும் என்றேன். மாதா பார்த்துக்கொள்வாள்.

நீ நன்றாகச் சாப்பிடு.

உன்
அம்பாரோ

---

ஒரிசாபா
14 ஜூலை 1996

என் அம்பாரோவுக்கு,

இதை யாரும் இல்லாதபோது படி. நியெவெஸ் இருந்தால் மடித்து வைத்துவிட்டு, அவள் போன பிறகு எடு.

நான் அனுப்பியது அவகாடோ இலை அல்ல. இலை என்றுதான் எழுதினேன், என்ன இலை என்று எழுதவில்லை. என் கடிதத்தை எடுத்துப் பார். அது கொய்யா இலை, அதுவும் கஷாயம் வைத்துப் பிழிந்த சக்கை. அதை மறுபடியும் கொதிக்கவைத்து, நீரை வடித்து, மழை விட்ட நேரத்தில் வெயிலில் போட்டு, ஒரு வாசனையும் மிஞ்சாதபடி பொடித்தேன். என் நாத்தனாரிடம் முகரக் கொடுத்தேன். "மண்ணா இது?" என்று கேட்டாள். அதுதான் உன் வீடு முழுக்க மணத்தது. அதற்காகத்தான் நியெவெஸ் வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

உன் ஞானமகள் கதையை நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. முதல் கடிதத்தில் ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தேன். அன்று நீ கை கழுவப் போனபோது கடைக்காரி என்னிடம் குனிந்து, "உங்ககூட வந்த அம்மா யாரு? இந்த ஊர்க்காரங்களா? நல்லா ரசிச்சுச் சாப்பிடுறாங்க. இந்த ஊர்க்காரங்க யாரும் எங்கிட்டச் சாப்பிட மாட்டாங்க" என்றாள். அவள் வெளியூர்க்காரி, தொலூக்காவிலிருந்து வந்தவள். அவள் சொல்லாமல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் ஞானத்தாயைக் கண்டதும், அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தாலும், முதலில் வந்து கையை முத்தமிட்ட பிறகுதானே மற்ற வேலை? அவள் உன் கையைப் பார்க்கக்கூட இல்லை. ஞானஸ்நானம் என்ற திருவருட்சாதனத்தை வைத்துப் பொய் எழுதியிருக்கிறாய். அதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நீயே சொல்லிக்கொள்.

என்னைத் தூங்கவிடாதது வேறு கேள்வி. நல்ல பெயர் உள்ள ஒருத்தி எதற்காகத் தன்னைத் தரகுக்காரி என்று எழுதிக்கொடுப்பாள்? அதைவிட வெட்கமான ஒன்றை மறைக்கத்தானே? உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஜனவரியில் உனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் வந்தது. அதுவரை உன் கடிதத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது கொதிக்கும், வறுபடும், தீய்ந்துபோகும். அதற்குப் பிறகு பூத்த பூ உண்டு, வெயில் உண்டு, அக்கம்பக்கத்துச் சண்டை உண்டு. சமையல் இல்லை.

உனக்கு மோப்பம் போய்விட்டது.

உன் கையால் சமைத்ததை நீ நம்பவில்லை. நான் ஒரு வாய் சாப்பிட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தாய். அதனால், சாப்பாடு மோசமாக இருந்தாலும் பழி உன் மேல் விழாத இடத்துக்குக் கூட்டிப்போனாய். இலை இருக்க வேண்டிய இடத்தில் இலை இருக்கும் என்று குருட்டாம்போக்கில் சொன்னாய். நானோ நீ என்னை வெறுத்துவிட்டாய் என்று நினைத்து, பேருந்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஒரிசாபா வரைக்கும் வந்தேன்.

உனக்கு ஏன் இது வெட்கம் என்று எனக்குத் தெரியும். மோலேக்கு மிளகாயைக் கருகும் விளிம்புவரை கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் சாம்பல், முழு அண்டாவும் கசக்கும். கறுப்பு இன்னும் கறுப்பாவது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். உன் தெருப் பெண்கள் எல்லாரும் உன் "போதும்" என்ற குரலுக்காக நிற்பார்கள். அதை இழந்துவிட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. என் புருஷன் போன பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவரையும் விடாமல் ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டவள் நான். சொல்ல வாய் வராததைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் அடுப்பை விட முடியாது, அம்பாரோ. அன்று காலை குமிழ் திறந்திருந்தது. உன் கையில் தீப்பெட்டி இருந்தது. நான் ஜெபத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நானும் இல்லை, படிக்க நீயும் இல்லை. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், வயதல்ல.

ஆகவே என் ஏற்பாடு இது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் நான் வருகிறேன். அதற்குள் எரிவாயு உருளையைச் சமையலறையிலிருந்து முற்றத்துக்கு மாற்றி, வெளியே மூடும் குமிழ் வைக்கச் சொல். பயன்படுத்தாத நேரமெல்லாம் அது மூடியிருக்க வேண்டும். காரணம் கேட்டால், லெயோகாதியாவின் தொந்தரவு தாங்கவில்லை என்று சொல். நியெவெஸ் உடனே நம்புவாள். மிளகாய் வறுக்கும்போது நான் உன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான், என் மூக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரம் வந்ததும் "ஆமென்" என்பதைச் சத்தமாகச் சொல்வேன். நீ "போதும்" என்று கத்து. ஜெபத்தின் நடுவில் ஆமென் வந்தாலும் பாதிரியார் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் பந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உன் விருப்பம். நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. நான் தட்டில் துப்பினேன் என்று நியெவெஸ் சொல்லிக்கொண்டிருக்கட்டும், இனி அவளைத் திருத்தாதே. துப்பவில்லை என்று நிரூபிக்கப் போனால், ஊர்க்காரியான நீ என்னை அந்தச் சந்தைக்கு ஏன் கூட்டிப்போனாய் என்ற கேள்வி வரும். அவர்கள் என் மரியாதையைப் பற்றியே பேசட்டும். உன் மூக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

தொலைபேசியில் கூப்பிடாதே. தொலைபேசியில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். எரிவாயு உருளை முற்றத்துக்குப் போய்விட்டதா, நான் வரலாமா, இந்த இரண்டுக்கும் உன் கையெழுத்தில் பதில் எழுதி அடுத்த தபாலிலேயே அனுப்பு.

லெயோகாதியா